ஒரே ஒரு அரிய குவார்ட்ஸ் வாங்குவதென்றால்: இளஞ்சிவப்புப் படிகமா, அஜோயிட்டா, இயற்கைச் சிட்ரினா?

ஆற்று மணலைக் கையில் அள்ளினால் அதில் பெரும்பங்கு குவார்ட்ஸாகத்தான் இருக்கும். சிலிக்கானும் ஆக்சிஜனும் சேர்ந்த, மோஸ் அளவையில் 7 என்ற கடினம் கொண்ட, பூமியின் மேலோட்டில் எங்கும் கிடக்கிற இந்தக் கனிமத்தை அரியது என்று சொல்வதே முதலில் விந்தையாகப் படும். ஆனால் கனிமச் சேகரிப்பில் சில ஆண்டுகள் கழித்தவர்கள் எல்லோரும் ஒரு கட்டத்துக்கு வந்து சேர்கிறார்கள்: நிறமற்ற படிகமும் அமெதிஸ்ட் எனப்படும் செவ்வந்திக்கல்லும் புகைநிறக் குவார்ட்ஸும் வகைக்கு இரண்டாகப் பெட்டியில் சேர்ந்தபின், குவார்ட்ஸிலேயே எளிதில் அகப்படாத நிறம் ஒன்று வேண்டும் என்ற ஆசை எழுகிறது, சேர்த்து வைத்த பணமோ ஒரே ஒரு நல்ல மாதிரிக்குத்தான் போதும். அந்த ஒன்று எதுவாக இருக்கலாம் என்பதே இங்கு கேள்வி.

மூன்றை எடுத்துக்கொள்கிறேன். பிரேசிலின் மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்துப் பெக்மடைட் (பெரும் படிகங்களாக உறைந்த எரிமப்பாறை) சுரங்கங்களில் முகங்களோடு படிகமாகவே விளைந்த இளஞ்சிவப்புக் குவார்ட்ஸ் ஒன்று. தென்னாப்பிரிக்காவின் மெஸ்ஸினா செப்புச் சுரங்கங்களிலிருந்து வந்த, அஜோயிட் என்ற நீலப்பச்சை நிறக் கனிமத்தை உள்ளே அடக்கிய குவார்ட்ஸ் இன்னொன்று. யாரும் சூடேற்றாமல் மண்ணிலிருந்தே மஞ்சளாக வெளிவந்த குவார்ட்ஸான சிட்ரின் மூன்றாவது. பிரசியோலைட் என்ற பச்சைக் குவார்ட்ஸை வேண்டுமென்றே விட்டுவிட்டேன். கடைகளில் அந்தப் பெயரில் கிடைப்பதில் மிகப் பெரும்பாலானது, மோன்டெசூமா போன்ற பிரேசில் சுரங்கங்களின் செவ்வந்திக்கல்லைச் சூளையில் வைத்துப் பச்சையாக்கியது. பட்டை தீட்டி மோதிரத்தில் பதிக்க நன்றாக இருக்கும், கனிமப் பெட்டியில் அதற்குப் பெரிய வேலை இல்லை.

ஒப்பீட்டுக்குள் நுழையுமுன் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். ரோஸ் குவார்ட்ஸ் என்று கைக்காப்பாகவும் மணிமாலையாகவும் உருண்டையாகவும் விற்கப்படுவது வேறு. சேகரிப்பாளர்கள் ஏங்குகிற இளஞ்சிவப்புப் படிகம் வேறு. முன்னது பெக்மடைட்டின் நடுப்பகுதியில், முகம் என்று எதுவும் இல்லாத பெருங்கட்டியாகக் கிடைப்பது. மடகாஸ்கரிலும் பிரேசிலிலும் இந்தியாவிலும் டன் கணக்கில் வெட்டி எடுக்கப்படுவது. அந்தக் கட்டியின் நிறம் குவார்ட்ஸுக்குச் சொந்தமானதே அல்ல. ஜூலியா கோரெவா, சி மா, ஜார்ஜ் ராஸ்மன் ஆகிய மூவர் 2001-இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாக்கியது: கட்டி ரோஸ் குவார்ட்ஸை ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தில் கரைத்தபோது குவார்ட்ஸ் முழுவதும் கரைந்துபோக, மயிரிழையினும் மிக மெல்லிய இளஞ்சிவப்பு இழைகள் மட்டும் அடியில் மிஞ்சின. டூமோர்டியரைட் என்னும் போரான் கனிமத்தை ஒத்த அந்த இழைகளே அத்தனை கட்டிக்கும் நிறம் தந்தவை. கட்டி ரோஸ் குவார்ட்ஸ் எப்போதும் தண்ணீரில் சற்றுப் பால் விட்டதுபோல் மங்கியிருப்பதற்கும், அதை உருண்டையாகக் கடைந்து விளக்கொளியில் பிடித்தால் ஆறு கால் நட்சத்திரம் ஒன்று தெரிவதற்கும் அவைதாம் காரணம்.

படிகமாக விளைந்த இளஞ்சிவப்புக் குவார்ட்ஸில் இந்த இழைகள் இல்லை. உள்ளே தெளிவாக இருக்கும் அந்தப் படிகத்தின் கட்டமைப்பில், சில சிலிக்கான் அணுக்களின் இடத்தில் அலுமினியமும் பாஸ்பரஸும் அமர்ந்திருக்கின்றன. சுற்றியிருக்கும் பாறையின் இயற்கைக் கதிர்வீச்சு நெடுங்காலம் பட்டதில் அங்கே ஓர் எலக்ட்ரான் இடம்பெயர்ந்து, ஒளியின் ஒரு பகுதியை விழுங்கும் நிறமையம் உண்டாகிறது. ரஷ்யாவில் செயற்கையாக வளர்த்த இளஞ்சிவப்புக் குவார்ட்ஸைப் பற்றி 1998-இல் வெளிவந்த அறிக்கையும் இதற்கு ஒத்தே போகிறது: பாஸ்பரஸ் சேர்ந்த கரைசலில் படிகத்தை வளர்த்து, பிறகு கதிர்வீச்சுக்கு உட்படுத்தியபோதுதான் அந்த நிறம் வந்தது. ஆகவே பெயர் ஒன்றானாலும் இரண்டும் இரு வேறு பொருள்கள் என்று கொள்வதே சரி. அதனால்தான் கனிமவியலாளர் சிலர் முன்னதை மட்டும் ரோஸ் குவார்ட்ஸ் என்றும் பின்னதைப் பிங்க் குவார்ட்ஸ் என்றும் பிரித்து எழுதுகிறார்கள். நானும் இங்கு இளஞ்சிவப்புப் படிகம் என்று சொல்வது பின்னதையே.

பாஸ்பரஸ் வேண்டும் என்ற நிபந்தனைதான் இந்தப் படிகத்தை அரிதாக்குகிறது. குவார்ட்ஸ் தன் கட்டமைப்புக்குள் பாஸ்பரஸை எளிதில் ஏற்பதில்லை. பெக்மடைட் உறைந்து முடியும் கடைசிக் கட்டத்தில், பாஸ்பேட் என்ற பாஸ்பரஸ் சேர்மம் மிகுந்த நீர் பாறைக் குழிகளில் எஞ்சி நிற்கும் அபூர்வமான இடங்களில் மட்டுமே இது நிகழ்கிறது. கலிலேயா ஊராட்சியில் உள்ள சபுகாயா சுரங்கத்தை எடுத்துக்கொண்டால், ஃப்ரான்டலைட், மொராயிசைட், ஃபாஹேயைட், பார்போசலைட், டாவோரைட் என்று உலகுக்குப் புதிதான பாஸ்பேட் கனிமங்கள் 1949-க்கும் 1955-க்கும் இடையில் அந்த ஒரே சுரங்கத்திலிருந்து வரிசையாக விவரிக்கப்பட்டன. இளஞ்சிவப்புப் படிகத்தின் மிகப் புகழ்பெற்ற மாதிரிகள் வந்ததும் அதே சுரங்கத்திலிருந்துதான் என்பதை இதோடு சேர்த்துப் பார்த்தால் அது தற்செயல் அல்ல என்று புரியும். இட்டிங்கா ஊராட்சியின் தாக்வரால் அருகே, ஜெகிட்டின்யோன்யா ஆற்றின் நடுவே ஒரு தீவில் இருக்கும் லாவ்ரா டா இல்யாவின் கதையும் இதுவே. இல்யா என்ற போர்த்துகீசியச் சொல்லுக்கே தீவு என்றுதான் பொருள். 1990-இல் விவரிக்கப்பட்ட சனாஸியைட் என்ற பாஸ்பேட் கனிமத்துக்குத் தாயிடம், அதாவது முதன்முதலில் கண்டு விவரிக்கப்பட்ட இடம், அந்தச் சுரங்கமே. அங்கிருந்து வரும் இளஞ்சிவப்புப் படிகங்களோடு பழுப்பு நிற இயோஸ்போரைட் என்ற இன்னொரு பாஸ்பேட்டும் ஒட்டிக்கொண்டு வரும்.

இந்த வேதியியல் எல்லாம் வாங்குகிறவருக்கு எதற்கு என்று கேட்கலாம். என்னிடம் உள்ள மாதிரியைக் காட்டினால் விளங்கும். அது தீப்பெட்டியில் பாதி இடத்தைக் கூட அடைக்காது. நடுவில் புகைநிறக் குவார்ட்ஸின் உடைந்த துண்டு ஒன்று. அதன் ஒரு விளிம்பை ஒட்டி, நெருக்கிக் கட்டிய சரம்போல் இளஞ்சிவப்புப் படிகங்கள் வரிசையாக நிற்கின்றன. மிகப் பெரியது நகத்தின் அகலம் இருக்கும். எல்லாப் படிகமும் ஏறக்குறைய ஒரே திசையில் சாய்ந்திருப்பதால், மாதிரியைச் சற்றுத் திருப்பினால் அத்தனை முகங்களும் ஒரே நேரத்தில் மின்னி ஒரே நேரத்தில் அணைகின்றன. பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லூப் என்ற கைக்கண்ணாடியை வைத்துப் பார்த்தால் இரண்டு படிகங்களுக்கு இடையிலான சந்தில் பழுப்பு ஊசிகளாக இயோஸ்போரைட் தெரிகிறது. நிறம் எந்தப் பாஸ்பேட் நீரிலிருந்து பிறந்ததோ, அந்த நீரின் சுவடு படிகத்தின் காலடியிலேயே நிற்கிறது. யாரோ எழுதிக் கொடுத்த சீட்டைவிட அந்த ஊசிகளை நான் அதிகம் நம்புகிறேன்.

அந்தப் படிகங்கள் பெரும்பாலும் இப்படித்தான் வளர்கின்றன: முன்பே வளர்ந்து நிற்கும் புகைநிற அல்லது வெள்ளைக் குவார்ட்ஸைச் சுற்றி, கடைசியாக வந்தேறியவையாக, ஒரு கிரீடம்போல. சென்டிமீட்டர் கணக்கைத் தாண்டிப் பெருப்பவை மிகச் சில. அந்தக் கிரீடம் முழுமையாக அமைந்துவிட்டால் எந்த உயரத்துக்குப் போகும் என்பதற்கு, 1950-களின் இறுதியில் சபுகாயாவில் கிடைத்த, லா மடோனா ரோசா என்று பெயரிடப்பட்ட மாதிரியே சாட்சி. சுமார் 39 செ.மீ. உயரமுள்ள புகைநிறக் குவார்ட்ஸைச் சுற்றி இளஞ்சிவப்புப் படிகங்கள் ஒளிவட்டம்போல் அமைந்து, மேரி மாதாவின் உருவத்தை நினைவூட்டியதால் அந்தப் பெயர். 2013 ஜூனில் டல்லஸ் நகர ஏலத்தில் அது 6,62,500 டாலருக்கு விலைபோனது. வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கும் இன்னொரு சபுகாயா மாதிரிக்கு வான் ஆலன் பெல்ட் என்று பெயர்: 1958-இல் பூமியைச் சுற்றிக் கண்டறியப்பட்ட கதிர்வீச்சுப் பட்டையைப்போல, புகைநிறப் படிகத்தின் இடுப்பைச் சுற்றி இளஞ்சிவப்புப் பட்டை ஓடுகிறது. நிறத்துக்கே கதிர்வீச்சுதான் காரணம் என்பதை நினைத்தால், பெயர் வைத்தவர் அறிந்து வைத்தாரோ அறியாமல் வைத்தாரோ, மிகப் பொருத்தமாக அமைந்துவிட்டது.

இந்தப் படிகத்தின் குறையும் அதன் நிறத்துக்குள்ளேயே இருக்கிறது. கதிர்வீச்சு இடம்பெயர்த்த எலக்ட்ரானை வெளிச்சமும் வெப்பமும் மெல்லத் திரும்ப அழைத்துவிடும், நிறம் வெளுக்கும். கட்டி ரோஸ் குவார்ட்ஸுக்கு இந்த அளவு அச்சமில்லை, அங்கே நிறம் இழைகளில் இருக்கிறது. இளஞ்சிவப்புப் படிகத்தை வாங்குகிறவர் அதை வெயில் படும் அலமாரியில் வைக்கக் கூடாது என்பது மட்டுமல்ல, கண்ணாடிப் பெட்டிக்குள் நாள் முழுவதும் எரியும் சூடான விளக்கின் அடியிலும் வைக்கக் கூடாது. மூடிய இழுப்பறைதான் அதற்கு வீடு. வருகிறவர்கள் எல்லோரும் பார்க்கும்படி கூடத்தில் வைக்க ஒரு கல் வேண்டும் என்பவர் இந்த இடத்திலேயே இதை விட்டு விலகிவிடுவது நல்லது.

அப்படி விலகுகிறவருக்கு என் பதில் மெஸ்ஸினா. லிம்போப்போ மாநிலத்தில், ஜிம்பாப்வே எல்லைக்கு அருகில், இன்று மூசினா என்று அழைக்கப்படும் ஊர் அது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து அங்கே செம்பு வெட்டப்பட்டது. 1990-களின் தொடக்கத்தில் வேலை நின்றுபோனது. அங்கிருந்து வந்த தெளிவான குவார்ட்ஸ் படிகங்கள் சிலவற்றின் உள்ளே, இன்னொரு படிகத்தின் சாயல் நீலப்பச்சை நிறத்தில் நிற்கும். சேகரிப்பாளர்கள் இதை ஃபேன்டம் என்பார்கள். குவார்ட்ஸ் வளர்வது சிறிது காலம் நின்றபோது அதன் முகங்களின்மேல் அஜோயிட் மெல்லிய படலமாகப் படிந்திருக்கிறது. பிறகு குவார்ட்ஸ் மறுபடி வளர்ந்து அந்தப் படலத்தை உள்ளே வைத்து மூடிவிட்டது. பொட்டாசியம், சோடியம், செம்பு, அலுமினியம் ஆகியவை சேர்ந்த சிலிக்கேட்டான அஜோயிட், முதலில் அரிசோனாவின் அஹோ என்ற செப்புச் சுரங்க ஊரிலிருந்து 1958-இல் விவரிக்கப்பட்டது. மெஸ்ஸினா படிகங்களில் சிலவற்றில் அதோடு பாப்பகோயிட் என்ற கடும் நீலக் கனிமமும் கூட இருக்கும். இன்னும் சிலவற்றில் செம்மண் நிற ஹெமடைட்டும் சேர்ந்து, ஒரே படிகத்துக்குள் மூன்று நிறம் தெரியும்.

நிறம் இங்கே செம்பினுடையது. அந்தக் கனிமத்தின் உடலிலேயே இருப்பது. கதிர்வீச்சால் வந்ததல்ல என்பதால் அறை வெளிச்சத்துக்கு அது அஞ்ச வேண்டியதில்லை. சுற்றிலும் குவார்ட்ஸ் கவசமாக இருப்பதால் விரல் பட்டாலும் தூசி துடைத்தாலும் உள்ளிருப்பதற்கு ஒன்றும் ஆகாது. காட்சிக்கு வைக்கும் பொருள் என்ற வகையில் மூன்றிலும் இதுவே முதலிடம் என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஆனால் வாங்கும் இடத்தில் தொல்லை இருக்கிறது. சுரங்கம் மூடிக் கிடப்பதால் பழைய சேகரிப்புகளிலிருந்து கைமாறி வருவதுதான் வரத்து. அதற்குக் கனிமச் சேகரிப்பாளர்கள் மட்டும் போட்டியில்லை; படிகத்தைத் தலையணைக்கடியில் வைத்தால் நோய் தீரும் என்று நம்பும் சந்தையும் அஜோயிட்டின் மேல் கண் வைத்திருக்கிறது, பணமும் அவர்களிடம் அதிகம். விளைவாக, நீலப்பச்சை நிறம் கொஞ்சம் தெரிந்தாலே அஜோயிட் என்று சீட்டு ஒட்டும் வழக்கம் வந்துவிட்டது. நமீபியாவின் காவோகோவெல்ட் பகுதியில் கிடைக்கும் ஷட்டகைட் என்ற செப்புக் கனிமம் கலந்த குவார்ட்ஸும், கிரிசோகொல்லா என்ற இன்னொரு செப்புக் கனிமம் கலந்ததும் அந்தப் பெயரில் சுற்றுகின்றன. கண்ணால் பார்த்து இவற்றைப் பிரிப்பது பழகியவர்களுக்கே கடினம்; உறுதியாகச் சொல்ல, லேசர் ஒளியைப் பாய்ச்சிக் கனிமத்தை அடையாளம் காணும் ராமன் நிறமாலைச் சோதனை வேண்டும். இன்னொன்று, சுரங்கத்தில் அடிபட்ட படிகங்களின் முகங்களைச் சீவி மெருகேற்றி விற்பதும் உண்டு. குவார்ட்ஸ் படிகத்தின் பக்க முகங்களில் குறுக்குவாட்டில் மெல்லிய கோடுகள் இயல்பாகவே ஓடும். அந்தக் கோடு ஒரு முகத்திலும் இல்லாமல் ஆறும் கண்ணாடிபோல் வழவழப்பாக இருந்தால், அது சாணைக்குப் போய் வந்தது என்று ஐயப்படலாம். மெருகேற்றியதை மெருகேற்றியது என்று சொல்லி விற்றால் அதில் குற்றமில்லை; விலை மட்டும் அதற்கேற்ப இறங்க வேண்டும்.

சிட்ரினைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும், ஏனென்றால் இந்த ஒப்பீட்டில் அது பின்தங்குவது ஒரே காரணத்தால். செவ்வந்திக்கல்லின் ஊதா நிறம் இரும்பும் கதிர்வீச்சும் சேர்ந்து தந்தது. அதை 400 அல்லது 500 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கினால் பெரும்பாலும் மஞ்சளாகவோ ஆரஞ்சாகவோ மாறிவிடும். பிரேசிலின் ரியோ கிராண்டே டோ சுல் மாநிலத்துச் செவ்வந்திக்கல் குகைக்கற்கள், அதாவது உட்குழிவில் படிகங்கள் படர்ந்த கற்கள், இப்படிச் சுடப்பட்டு, சிட்ரின் என்ற பெயரில் உலகெங்கும் போகின்றன. என் முதல் சிட்ரின் அப்படி வந்ததுதான். நுனியில் எரிந்த வெல்லப்பாகின் நிறமும், அடியில் சுண்ணாம்பு வெள்ளையும், அதற்கும் கீழே சாம்பல் நிற ஓடும் இருந்த ஒரு கொத்தை இயற்கை என்று சொல்லி ஒருவர் விற்றார்; நானும் மகிழ்ச்சியோடு வாங்கி இரண்டு ஆண்டுகள் அப்படியே சீட்டெழுதி வைத்திருந்தேன். அந்த மூன்று அடையாளங்களும் சுட்ட செவ்வந்திக்கல்லின் முகவரி என்பது பிறகுதான் தெரிந்தது.

இந்த வகை ஏமாற்றத்தைக் கொஞ்சம் பழகினால் தவிர்த்துவிடலாம். காங்கோவிலிருந்தும் ஜாம்பியாவிலிருந்தும் வரும் இயற்கைச் சிட்ரின் தனித்தனிப் படிகங்களாக, தேன் கலந்த தண்ணீர்போல் வெளிறி, அடிக்கடி புகைநிறச் சாயலோடு, அடி முதல் நுனி வரை ஏறக்குறைய ஒரே சீராக நிறம் பரவியதாக இருக்கும். உண்மையான சிக்கல் அதற்கு அடுத்த படியில் இருக்கிறது. புகைநிறக் குவார்ட்ஸ் சிலவற்றை மிதமாகச் சூடேற்றினாலே அது மஞ்சளாகிவிடும். அப்படிப் பெற்றதை, மண்ணுக்குள் பூமியின் சூட்டிலேயே மஞ்சளானதிலிருந்து கண்ணாலோ லூப்பாலோ பிரித்தறிய வழியில்லை. விற்பவரின் வாய்ச்சொல்தான் சான்று. நேர்மையான விற்பனையாளரும் தமக்கு விற்றவரின் சொல்லைத்தான் நம்பிச் சொல்கிறார். பணத்தை எல்லாம் சேர்த்து ஒரே ஒரு கல் வாங்குகிறவர், அந்தக் கல்லின் அடிப்படைத் தகுதியையே எந்நாளும் நிரூபிக்க முடியாத இடத்தில் பணத்தைப் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. சிறு விலைக்குக் கிடைத்தால், நிறத்துக்காக வாங்கலாம்.

ஆக மிஞ்சுவது இரண்டு. அவற்றுக்குள் எதை என்று கேட்டால், வெளிச்சம் ஒன்றை ஒதுக்கிவிட்டு மற்றவற்றைப் பார்க்கிறேன். அஜோயிட் குவார்ட்ஸில் அரிதாக இருப்பது உள்ளிருக்கும் கனிமம். குவார்ட்ஸ் அதைத் தாங்கும் கண்ணாடி. இளஞ்சிவப்புப் படிகத்தில் அரிதாக இருப்பது குவார்ட்ஸேதான். வண்ணக் குவார்ட்ஸ் வாங்க வேண்டும் என்று புறப்பட்டவருக்கு இந்த வேறுபாடு சிறியதல்ல. மேலும், அஜோயிட்டை உறுதிசெய்ய ஆய்வுக்கூடம் தேவைப்படுகிற இடத்தில், இளஞ்சிவப்புப் படிகத்தை அதன் உருவமும், சேர்ந்து வளர்ந்த லெபிடோலைட், ஆல்பைட், இயோஸ்போரைட் போன்ற துணைக் கனிமங்களும் கையில் பிடித்த அளவிலேயே பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். ரஷ்யாவில் வளர்த்த செயற்கைக் குவார்ட்ஸ் பட்டை தீட்டிய கல்லாக நகைக்காரரைக் குழப்பலாம். புகைநிறக் குவார்ட்ஸின் விளிம்பில் பாஸ்பேட்டோடு முளைத்த கொத்தாக அது கனிமச் சந்தைக்கு வருவதில்லை. எனவே மூடி வைத்துப் பாதுகாக்கும் பொறுமை உள்ளவருக்கு நான் சொல்வது இளஞ்சிவப்புப் படிகமே.

ஆனால் எந்த இளஞ்சிவப்புப் படிகம் என்பதில்தான் பணம் வீணாவதும் மிச்சமாவதும் இருக்கிறது. கனிமப் போட்டிகளில் ஓர் அங்குலக் கனசதுரத்துக்குள் அடங்குவதைத் தம்ப்நெயில் என்றும், இரண்டு அங்குலத்துக்குள் அடங்குவதை மினியேச்சர் என்றும், அதற்கு மேல் பெரியவற்றைக் கேபினட் என்றும் வகுப்பார்கள். இந்தக் கனிமத்துக்குத் தம்ப்நெயில் அளவே இயல்பானது. படிகங்களே நகத்தளவு இருக்கும்போது, கேபினட் அளவுக்குப் போனால் கூடுகிற எடையில் பெரும்பகுதி தாய்ப்பாறைதான்; அந்த எடைக்கும் சேர்த்தே விலை கேட்பார்கள். அதே பணத்தில், உடைந்த நுனி ஒன்றுகூட இல்லாத, நிறம் ஆழ்ந்த ஒரு சிறிய கொத்தை வாங்கலாம். நான் பார்த்தவரை, பெரிய வெளிறிய மாதிரியை வாங்கியவர்கள் பிறகு சிறிய ஆழ்ந்த நிறத்துக்கு மாறியிருக்கிறார்கள். எதிர்த்திசையில் போனவர் ஒருவரையும் நான் கண்டதில்லை.

ஊர் விஷயத்தில் சபுகாயா என்ற பெயருக்குத் தனி விலை உண்டு, லா மடோனா ரோசாவின் புகழ் அந்தச் சுரங்கத்தின் சிறு துண்டுகளின் மேலும் ஏறியிருக்கிறது. லாவ்ரா டா இல்யாவின் மாதிரிகளில் இயோஸ்போரைட் அதிகம் காணப்படுவதால் கனிமவியல் நோக்கில் அவை எனக்குக் கூடுதல் சுவை உடையவை. அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில் நியூரி என்ற ஊரருகேயும் இளஞ்சிவப்புப் படிகங்கள் கிடைத்திருக்கின்றன. அவற்றைத் தேடுகிறவர்கள் பெரும்பாலும் அந்நாட்டுச் சேகரிப்பாளர்களே. ஆப்கானிஸ்தானின் கிழக்குப் பெக்மடைட்டுகளிலிருந்து வந்தவற்றையும் ஒதுக்க வேண்டியதில்லை, ஆனால் சுரங்கப் பெயர் பல கை மாறியபின் எழுதப்படுவதால் சீட்டைவிடக் கல்லைப் பார்த்து விலை பேச வேண்டும். அர்ஜென்டினாவின் நெவ்கென் மாநிலத்திலிருந்து பிங்க் அமெதிஸ்ட் என்ற பெயரில் வரும் குகைக்கற்களை மட்டும் இதனோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அவை அழகானவை, மலிவானவை, இந்தக் கட்டுரையின் பொருள் அல்லாதவை.

வாங்கும்போது கையில் இரண்டு கருவி போதும்: பத்து மடங்கு லூப் ஒன்று, புற ஊதா டார்ச் ஒன்று. கிரீடமாக வளர்ந்த படிகங்கள் தாய்க் குவார்ட்ஸிலிருந்து எளிதில் பிரிந்துவிடுகிற காரணத்தால், பிரிந்ததை மறுபடி ஒட்டுவதும், வேறொரு துண்டிலிருந்து எடுத்து ஒட்டுவதும் நடக்கிறது. பசைகளில் பல நெடிய அலைப் புற ஊதா ஒளியில் நீலம் கலந்த வெண்மையாக ஒளிரும். இருட்டில் டார்ச்சை அடித்தால் ஒட்டின இடம் கோடாகத் தெரியும். பழைய சபுகாயா மாதிரிகளில் ஒட்டுவேலை இருப்பது வெட்கப்பட வேண்டிய ஒன்றல்ல, பெரிய அருங்காட்சியகப் பொருள்களிலும் அது உண்டு. சொல்லாமல் மறைப்பதுதான் தவறு. லூப்பில் பார்க்க வேண்டியது நுனிகளை. நுனி முறிந்து, முறிந்த இடம் சங்குபோல் வளைந்து மின்னினால் அது உடைவு. முறிந்த இடத்திலேயே சிறு சிறு முகங்கள் முளைத்திருந்தால் அது பாறைக் குழிக்குள்ளேயே முறிந்து பிறகு ஆறிய காயம், அதற்காக விலையைக் குறைக்கச் சொல்வது நியாயமில்லை.

படத்தைப் பார்த்து வாங்குவதாக இருந்தால், இளஞ்சிவப்பைக் கேமரா எளிதில் மிகைப்படுத்தும் என்பதை மறக்க வேண்டாம். பகல் வெளிச்சத்தில், ஒரு வெள்ளைத் தாளின் மேல், அருகில் யாருடைய விரலாவது தெரியும்படி எடுத்த படத்தைக் கேளுங்கள். விரலின் நிறம் இயல்பாக இருந்தால் கல்லின் நிறத்தையும் நம்பலாம். நேரில் பார்க்க வாய்ப்பிருந்தால் அதற்கு ஈடில்லை: பிப்ரவரியில் அரிசோனாவின் டூசான், ஜூனில் பிரான்சின் சாந்த் மாரி ஓ மின், இலையுதிர் காலத்தில் ஜெர்மனியின் மியூனிக் ஆகிய ஊர்களில் கூடும் கனிமச் சந்தைகளில் பிரேசில் விற்பனையாளர்கள் பலர் கடை போடுகிறார்கள். அங்கே மேசை விளக்கின் அடியிலேயே பார்த்து முடிவெடுத்துவிடாமல், மாதிரியைக் கதவோரம் எடுத்துச் சென்று பகல் வெளிச்சத்தில் ஒருமுறை பார்க்க அனுமதி கேட்க வேண்டும். மறுக்கிற கடையில் நான் வாங்குவதில்லை.

வீட்டுக்கு வந்தபின் செய்ய வேண்டியது கொஞ்சம். அழுக்கு என்று நினைத்து அமிலத்தில் போடக் கூடாது. சாதாரண அமிலங்களால் குவார்ட்ஸுக்கு ஒன்றும் ஆகாவிட்டாலும் அதன் காலடியில் நிற்கும் பாஸ்பேட் கனிமங்கள் அரிக்கப்படலாம், அவை போனால் மாதிரியின் பாதிச் சான்று போனதுபோல. மென்மையான தூரிகையும் சாதாரண அறை வெப்பத்தில் இருக்கும் தண்ணீரும் போதும். சீட்டில் கனிமத்தின் பெயரையும் சுரங்கத்தின் பெயரையும் எழுதுவதோடு, வாங்கிய நாளில் வெள்ளைத் தாளின் மேல் வைத்து ஒரு படம் எடுத்து அச்சிட்டு, அந்தச் சீட்டோடு சேர்த்து இழுப்பறையில் வைத்துவிடுங்கள். நான் ஆண்டுக்கொரு முறை அந்தப் படத்தைக் கல்லின் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்; இதுவரை இரண்டும் ஒரே நிறத்தில்தான் இருக்கின்றன, பார்த்தவுடன் இழுப்பறையை மூடிவிடுகிறேன்.